மனுவில் எழுதாத வார்த்தை

எங்கள் ரப்பர் தோட்டத்து லய வீடுகளைச் சுற்றி இரட்டைக் கம்பி வேலி போட்டது வெள்ளைக்காரர் ஆட்சியில் அவசரகாலம் தொடங்கிச் சில காலம் கழித்து. குவாலா சிலாங்கூரிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் வந்து, இறங்கிச் செம்மண் ரோட்டில் இரண்டு மைல் நடந்தால் அந்த வேலி தெரியும். உள்ளே போக வர ஒரே ஒரு கேட்டு. காலையில் ஊரடங்கு முடிந்ததும் அதைத் திறப்பார்கள். நாங்கள் பால் வாளியும் உளியுமாக வரிசையில் நிற்போம். ஆண்களை ஒரு காவலர் தடவிப் பார்ப்பார். பெண்களைச் சோதிப்பதற்கென்று ஒரு பெண் இருந்தாள். காட்டில் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்பதற்காக, ஒரு பிடி அரிசி, ஒரு துண்டு கருவாடு கூட வேலியைத் தாண்ட விடமாட்டார்கள்.

எனக்கு அப்போது வயது இருபத்திரண்டு. முதல் பிள்ளை வயிற்றில் ஐந்து மாதம். வயிறு வெளியே தெரிய ஆரம்பித்த நேரத்தில்தான், எங்கோ ஒரு தோட்டத்தில் ஒரு பெண் பிள்ளைத்தாய்ச்சி மாதிரி வயிற்றில் அரிசியைக் கட்டிக்கொண்டு போய்ப் பிடிபட்டாள் என்று ஒரு பேச்சு பரவியது. மெய்யோ பொய்யோ, கேட்டில் இருந்த பெண் அன்று காலை என்னை வரிசையிலிருந்து தனியே நிறுத்திவிட்டாள். கொட்டகைக்குள் கூட்டிப்போய்ச் சேலையைத் தளர்த்தச் சொன்னாள். கையை வைத்துப் பார்த்தாள். உள்ளே பிள்ளை ஓர் உதை விட்டது. அவளுக்கே சிரிப்பு வந்து முதுகில் தட்டி அனுப்பிவிட்டாள். அவள் மேல் எனக்குக் கோபமில்லை. அவள் வேலையை அவள் பார்த்தாள். ஆனால் நான் பெரட்டுக் களத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதிப் பெயர்களைக் கூப்பிட்டு முடித்திருந்தார்கள்.

பெரட்டு என்பது காலையில் ஆபீசுக்கு முன்னால் ஆளெடுப்பது. ஆபீஸ் கணக்குப் பார்க்கும் கிராணி செக்ரோல் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். அந்தப் புத்தகத்தில் பெயர் இருந்தால் வேலை உண்டு, வீடு உண்டு, ரேஷன் உண்டு. பெயரை வெட்டிவிட்டால் எதுவும் இல்லை. எங்கள் கிராணிக்கு அது நன்றாகத் தெரியும். அதனால் அவர் வாய்க்குப் பூட்டு கிடையாது. யாரையாவது ஒருத்தரைக் கிண்டல் செய்யாமல் அவருக்குப் பொழுது விடியாது. அன்றைக்கு நான் அகப்பட்டேன்.

ஏன் லேட்டு என்றார். கேட்டில் நிறுத்திவிட்டார்கள் என்றேன். அவர் என் வயிற்றைப் பார்த்தார்.

"உள்ள இருக்கிறது அரிசியா, புள்ளையா?"

வேலை வாங்கும் மண்டோர் சிரித்தார். இன்னும் சிலரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு கிராணிக்கு ருசித்துவிட்டது. பிள்ளை என்றால் அது யாருடையது என்று இவளுக்காவது தெரியுமா என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். 'இவளுக்கு' என்று சொல்லவில்லை. அந்த இடத்தில் ஒரு வார்த்தை போட்டார். நடத்தை கெட்டவள் என்று சொல்வதற்கு இருக்கிற வார்த்தைகளில் ஆகக் கேவலமானது அது. என்ன வார்த்தை என்று இங்கே எழுதமாட்டேன். அப்படி எழுதாமல் விட்டதால்தான் பிற்பாடு அவ்வளவு பாடுபட்டேன், ஆனாலும் பழக்கம் போகவில்லை.

எனக்குக் கோபம் தலைக்கு மேல் ஏறிவிட்டது. கையிலிருந்த வாளியை அவர் மேசைக்கு முன்னால் டங்கென்று வைத்தேன். "உங்க வீட்டுப் பொம்பளைங்கள இப்படிக் கேப்பீங்களா?" என்றேன். அவ்வளவுதான் கேட்டேன். கிராணி பேனாவை எடுத்து, நான் பார்க்கும்படியாகவே, புத்தகத்தில் ஒரு கோடு இழுத்தார். மாதக் கடைசிக்குள் புருஷனையும் கூட்டிக்கொண்டு வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

அன்று அந்தக் கூட்டத்தில் என் பக்கத்து வீட்டுக்காரியும் நின்றாள். அவள் சிரித்தாளா இல்லையா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் ஸ்டோரில் பால் உறைய வைக்கும் வேலையில் இருந்தார். சாதுவான மனிதர். விஷயத்தைக் கேட்டு அவர் முகம் கறுத்துப்போனது. பிறகு ராசா என்ற ஊரில் இருக்கும் தன் அக்காவுக்குக் கடுதாசி எழுதுகிறேன், அங்கே ஏதாவது தோட்டத்தில் இடம் கிடைக்கும் என்றார். எனக்கு அவர்மேலும் கோபம் வந்தது. இடம் எப்படிக் கிடைக்கும்? அந்தக் காலத்தில் ஒரு வேலியிலிருந்து இன்னொரு வேலிக்குக் குடிபோவது சும்மா இல்லை. அடையாள அட்டையில் விலாசத்தை மாற்றப் போலீசுக்குப் போக வேண்டும். ஏன் அங்கிருந்து கிளம்பினீர்கள் என்று கேட்பார்கள். புதுத் தோட்டத்தில் பழைய தோட்டத்துக் கடிதம் கேட்பார்கள். அந்தக் கடிதத்தை எழுதப் போவது யார்? இதே கிராணிதான். கேட்டில் வயிற்றைச் சோதித்த அன்றைக்கே வேலையைவிட்டு நீக்கப்பட்டவள் என்று அதில் இருந்தால், அரிசி கடத்தினவள் என்றுதான் படிக்கிறவர்கள் நினைப்பார்கள். வயிற்றில் பிள்ளையோடு நான் எந்தக் கேட்டில் போய் நிற்பது என்று அவரைக் கேட்டேன். அவர் கடுதாசியை எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், தபாலில் போடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை யூனியன்காரர் சைக்கிளில் வந்தார். யூனியன் என்றால் எங்கள் லயத்தில் பாதிப் பேர் கதவைச் சாத்திக்கொள்வார்கள். அவசரகாலம் வந்த புதிதில் பழைய சங்கத்து ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனதை எல்லோரும் பார்த்திருந்தோம். இது வேறு யூனியன், அரசாங்கத்தில் பதிந்தது என்று அவர் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று சொல்லிச் சொல்லிக் களைத்துப்போனவர். நான் அவரை உட்காரவைத்துக் கோப்பி கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். கிராணியைப் போலீசில் பிடித்துக் கொடுக்க வேண்டும் என்றேன்.

அவர் சிரிக்காமல் கேட்டுக்கொண்டார். ஒரு பெண்ணை மானம் போகும்படி பேசுவது சட்டத்தில் குற்றம்தான் என்றார். அதைக் கேட்டதுமே எனக்குப் பாதி உயிர் வந்தது. அப்படி ஒரு சட்டம் இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. ஆனால் வெறும் பேச்சுக்காகப் போலீஸ் வந்து ஒருவரைப் பிடித்துக்கொண்டு போகாது, எழுதிக்கொண்டு கோர்ட்டுக்குப் போ என்று அனுப்பிவிடும் என்றார். கோர்ட்டுக்குப் போனால் வக்கீல், வாய்தா என்று பிள்ளை பிறந்து நடக்கிற வரைக்கும் இழுக்கும். தோட்டத்து மானேஜர் துரையிடம் போகலாம், ஆனால் துரைக்குத் தமிழில் நாலு வார்த்தைதான் தெரியும், நான் சொல்வதைத் துரைக்கு எடுத்துச் சொல்லப் போவது அதே கிராணி. மிச்சம் இருப்பது லேபர் ஆபீஸ். ஒருவரை நியாயமில்லாமல் வேலையைவிட்டு நிறுத்தினால் தோட்டத்துக்கு வந்து விசாரிக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு.

"நீ எதிர்த்துப் பேசினது நெசம்மா," என்றார் யூனியன்காரர். "அத அவரு எழுதி வச்சிருப்பாரு. எதுக்காகப் பேசினன்றதுதான் உன் கேசு. அவரு சொன்னத அப்படியே மனுவுல எழுது. சாட்சி நாலு பேர் கையெழுத்து வாங்கு."

அப்படியே எழுது என்றுதான் சொன்னார். நான்தான் கேட்கவில்லை.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறாவது வரை படித்தவள் நான். கட்டுரையில் எப்போதும் முதல். அந்தத் திமிர் கொஞ்சம் எனக்கு உண்டு. அன்று சாயங்காலம் உட்கார்ந்து மூன்று தாள் கிழித்து நாலாவது தாளில் மனுவை எழுதி முடித்தேன். கேட்டில் நடந்தது, பெரட்டில் நடந்தது எல்லாம் வரிசையாக வந்தது. அந்த வார்த்தை வருகிற இடம் வந்தபோது பேனா நின்றது. அரசாங்கத்துக்குப் போகிற தாளில் அதை எழுதுவதா? யோசித்து, "வாயினால் கூறவும் செவியினால் கேட்கவும் நாணத்தக்க தகாத சொல் ஒன்றினால் என்னை ஏசினார்" என்று எழுதினேன். எழுதிவிட்டு இரண்டு தடவை படித்துப் பார்த்துக்கொண்டேன். எனக்கே பெருமையாக இருந்தது. சாட்சிக்கு வந்த நான்கு பெண்களுக்கும் படித்துக் காட்டினேன். ஒருத்தி கண் கலங்கினாள். நான்கு பேரும் பயந்துகொண்டேதான் கைநாட்டு வைத்தார்கள்.

மறுநாள் டவுனுக்குப் பஸ் ஏறினேன். லேபர் ஆபீசில் இருந்த அதிகாரி ஒரு வெள்ளைக்காரர், ஆனால் தமிழ் படித்தவர். அப்படிச் சிலர் அந்தக் காலத்தில் இருந்தார்கள், மெட்ராசுக்குப் போய் வாத்தியார் வைத்துப் படித்துவிட்டு வருவார்கள். புத்தகத்தில் இருப்பதுபோலவே பேசுவார்கள். அவர் என் மனுவை விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுப் படித்தார். கடைசியில் தலையை ஆட்டி, மிக நல்ல தமிழ் என்றார். எனக்கு மனசு பூரித்துப்போனது. உடனே அடுத்த கேள்வி வந்தது.

"அம்மா, அச்சொல் யாது?"

நான் தரையைப் பார்த்தேன். சொல்லக் கூடாத வார்த்தை என்றேன். அது மனுவிலேயே இருக்கிறது, அது எந்த வார்த்தை என்பதுதான் தமக்குத் தெரிய வேண்டும் என்றார். நான் முந்தானை நுனியைத் திருகிக்கொண்டு நின்றேன். அவர் பொறுமையாகச் சொன்னார். கிராணி உங்களைச் சோம்பேறி என்று சொன்னாலும் நீங்கள் அதைத் தகாத சொல் என்று எழுதலாம். வேறு ஏதோ சொன்னாலும் அப்படியே எழுதலாம். இரண்டும் எனக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். அடுத்த வாரம் தோட்டத்துக்கு வந்து விசாரிக்கிறேன். அன்றைக்கு யாராவது ஒருவர் அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார்.

பஸ்ஸில் திரும்பும்போது என்னை நானே திட்டிக்கொண்டு வந்தேன். என்ன வெட்கம் உனக்கு? அந்த வார்த்தை உனக்குத் தெரியாததா? குழாயடியில் நீ சொல்லாததா?

ஆமாம், சொல்லியிருக்கிறேன். இப்போது பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் லயத்துக்கு ஒரே குழாய். காலையில் கொஞ்ச நேரம், மத்தியானம் கொஞ்ச நேரம் தண்ணீர் வரும். வரிசை வைக்கிற வாளியில் ஒன்று முன்னே பின்னே போனால் போதும், சண்டைதான். அவள் என்னைவிடப் பத்து வயது மூத்தவள், குழாயடியில் அவளை ஜெயித்தவர் கிடையாது. நான் கல்யாணமாகி வந்த புதிதில் அவளை அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். நான்கு மாதத்துக்கு முன்னால் அவள் என் வாளியைக் காலால் தள்ளினாள் என்று நான் அந்த வார்த்தையைச் சொன்னேன். முதலில் சொன்னது நான்தான். அவள் அதையே இரண்டு மடங்காகத் திருப்பிச் சொன்னாள். அதற்கப்புறம் இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை.

குழாயடிச் சண்டைக்கும் ஒரு சட்டம் இருந்தது. யாரும் எழுதி வைத்ததில்லை, ஆனால் யாரும் மீறியதுமில்லை. செத்துப்போனவர்களை இழுக்கக் கூடாது. வயிற்றில் இருக்கும் பிள்ளையைத் தொடக் கூடாது. தண்ணீர் நின்றால் சண்டையும் நிற்க வேண்டும். அவள் என்ன பேசினாலும் அந்தக் கோட்டைத் தாண்டினதில்லை. நானும் தாண்டினதில்லை.

அந்த ஒரு வாரம் எனக்குத் தூக்கமில்லை. சாட்சிக்கு வந்த நான்கு பேரையும் கெஞ்சினேன். வருகிறோம், ஆனால் வார்த்தையை மட்டும் எங்களைச் சொல்லச் சொல்லாதே என்றார்கள். ஒருத்தியின் மாமனார் அங்கே நிற்பார், இன்னொருத்திக்குத் தேவாலயத்தில் பாட்டுப் பாடுகிற வாய். சரி, நாமே சொல்லிவிடலாம் என்று நான் தனியே சொல்லிப் பழகினேன். வீட்டுப் பின்னால் வாழை மரத்தின் முன் நின்று சொல்லிப் பார்த்தேன். வாழை மரத்திடம் சுலபமாகத்தான் வந்தது. ஆனால் என் வாயாலேயே என்னை அப்படிச் சொல்லி, அதை ஒரு வெள்ளைக்காரர் தாளில் எழுதிக்கொள்வதை நினைத்ததும் வீட்டுக்குள் போய்விட்டேன்.

இதற்கு நடுவில் இன்னொரு சேதி வந்தது. பக்கத்து வீட்டுக்காரிக்கு மேட்டில் இருந்த நெரையை மாற்றி, ரோட்டோரம் சமதரையில் புது நெரை கொடுத்திருக்கிறார்கள் என்றார்கள். நெரை என்பது ஒருவர் பால் வெட்டுகிற மரங்களின் வரிசை. ரோட்டோர நெரைக்கு எல்லோரும் ஆசைப்படுவார்கள். கிராணி சும்மா கொடுப்பாரா? அவள்தான் அவர் பக்கச் சாட்சி என்று அடுத்த நாளே தெரிந்துவிட்டது. என் வீட்டுக்காரர் சட்டைப் பையிலிருந்த கடுதாசியை எடுத்து மேசைமேல் வைத்தார். நான் அதை எடுத்து அவர் பைக்குள்ளேயே திரும்பத் திணித்தேன்.

விசாரணை மத்தியானம் ஆபீஸ் வராந்தாவில் நடந்தது. அதிகாரி நடுவில் மேசை போட்டு உட்கார்ந்தார். துரை ஒரு பக்கம், கிராணி செக்ரோலோடு இன்னொரு பக்கம். யூனியன்காரர் எனக்குப் பின்னால் நின்றார். நாங்கள் படிக்குக் கீழே நின்றோம். என் வீட்டுக்காரர் ஸ்டோரிலிருந்து வந்து கை காயாமல் அப்படியே ஓரமாக நின்றார்.

கிராணி முதலில் பேசினார். ஏன் லேட்டு என்று கேட்டதைத் தவிர நான் எதுவும் சொல்லவில்லை, இவள்தான் வாளியை வீசி எறிந்து மரியாதையில்லாமல் பேசினாள் என்றார். அதிகாரி என்னைப் பார்த்தார். நான் நடந்ததைச் சொன்னேன். அரிசியா பிள்ளையா என்று கேட்டது வரைக்கும் தெளிவாகச் சொன்னேன். அந்த இடம் வந்தது. வாழை மரத்திடம் சொன்ன வாய் மூடிக்கொண்டது. என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு நிற்பதைப் பார்த்ததும் எனக்குக் கண்ணீர்தான் வந்தது, வார்த்தை வரவில்லை. பெரட்டில் வாளியை டங்கென்று வைத்தவள் அங்கே ஊமையாக நின்றேன். என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

சாட்சிகள் ஒவ்வொருவராக வந்தார்கள். நான்கு பேரும் ஒரே பாட்டுத்தான். கெட்ட வார்த்தைங்க ஐயா, சொல்லக் கூடாதுங்க ஐயா. அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு நெற்றியைத் தடவினார். எனக்குப் புரிந்துவிட்டது. இனி ராசாதான் என்று நினைத்தேன். எந்தக் கேட்டில் என்னை எப்படிப் பார்ப்பார்களோ என்று நினைத்தேன்.

கிராணி அதோடு விட்டிருந்தால் ஜெயித்திருப்பார். ஆனால் அவருக்கு எப்போதும் கடைசியில் ஒரு வார்த்தை கூடப் பேசியே ஆக வேண்டும். இந்தப் பெண்கள் குழாயடியில் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்க முடியாது, இவர்களுக்கு எந்த வார்த்தையும் சும்மா பேச்சுத்தான், அதிலும் இவள் வாயாடி, என்னிடமும் அந்தப் புத்தியைத்தான் காட்டினாள் என்றார். அதை நிரூபிக்கப் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டார்.

அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து நின்றாள். என் பக்கம் திரும்பவில்லை. இவள் உன்னைக் குழாயடியில் ஏசினாளா என்று கிராணி கேட்டார்.

"ஏசினாளுங்க. நானும் ஏசினேன்."

அதிகாரி எல்லோரிடமும் கேட்டுச் சலித்துப்போன கேள்வியை அவளிடமும் கேட்டார். என்ன சொல்? அவள் சொன்னாள். கடைக்காரர் உப்பு இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்று சொல்வதுபோல, சத்தமாக, நிதானமாக, முழுசாகச் சொன்னாள். எனக்குப் பின்னால் நின்ற பெண்கள் மூச்சை இழுத்தது கேட்டது. துரைகூட நிமிர்ந்து பார்த்தார். அந்த வார்த்தை அவருக்குத் தெரிந்த நாலில் ஒன்றோ என்னவோ. அதிகாரி பேனாவை எடுத்து ஒவ்வொரு எழுத்தாக எழுதிக்கொண்டார்.

"அன்னிக்குப் பெரட்டுல கிராணி ஐயா இவளச் சொன்னதும் அதே வார்த்தைதாங்க," என்றாள் அவள்.

அதை உன்னிடம் யார் கேட்டது என்று கிராணி சீறினார். நான் கேட்கிறேன் என்றார் அதிகாரி. நான் சரியாகத்தான் கேட்டேனா என்று யூனியன்காரரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

அதிகாரி விடவில்லை. நீங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் அதே சொல்லால் ஏசிக்கொள்கிறீர்கள், அப்படியானால் கிராணி சொன்னது மட்டும் எப்படிக் குற்றமாகும் என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆறாவது படித்த நான் யோசித்துப் பார்க்காததை, பள்ளிக்கூட வாசலை மிதிக்காத அவள் சொன்னாள்.

"இவ என்னச் சொன்னா நான் திருப்பிச் சொல்லுவேங்க. சொல்லிட்டு ரெண்டு பேரும் வாளியத் தூக்கிட்டு வீட்டுக்குப் போயிருவோம். அவரு கையில செக்ரோல் இருக்குங்களே. அவரச் சொல்ல எங்களுக்கு வாய் ஏதுங்க? இவ அவர ஏசக்கூட இல்ல. உங்க வீட்டுப் பொம்பளைய இப்படிக் கேப்பீங்களான்னுதான் கேட்டா. அதுக்கே பேர வெட்டிட்டாரு."

பிறகு என் வயிற்றைப் பார்த்தாள். நான்கு மாதத்தில் முதல் தடவையாக என் பக்கம் பார்த்தாள்.

"வயித்துல இருக்கிறத நாங்க யாரும் தொட்டதில்லைங்க. எவ்வளவு சண்டை போட்டாலும் அது கிடையாது."

கிராணிக்கு முகம் சிவந்துவிட்டது. இவர்களுக்கு இதெல்லாம் சும்மா பேச்சு என்று மறுபடியும் ஆரம்பித்தார். அவள் அவரைப் பேசவிடவில்லை. அதிகாரியிடம் மிக மரியாதையாகக் கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள்.

"சும்மா பேச்சுதான்றாரு. அப்ப நான் இவர ஒரே ஒரு தடவ சொல்லிக்கிறேனுங்க ஐயா. அதையும் எழுதிக்குங்க."

அதிகாரி கிராணியைப் பார்த்து, உமக்குச் சம்மதமா என்றார். கேட்டவர் முகத்தில் சிரிப்பே இல்லை. கிராணி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"ஒரு கூலிக்காரி என்னச் சொல்றதா?"

அதிகாரி அதையும் எழுதிக்கொண்டார். எழுதி முடித்துத் துரையிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். துரை குனிந்த தலை நிமிராமல் கேட்டார். பிறகு கிராணியின் கையிலிருந்த செக்ரோலை வாங்கித் தன் முன்னால் வைத்துக்கொண்டார். என் பெயரை மறுபடி எழுதியது யார் என்று நான் பார்க்கவில்லை. எழுதியாகிவிட்டது, நாளைக்கு வேலைக்குப் போகலாம், வீட்டைக் காலி செய்ய வேண்டாம் என்று யூனியன்காரர் வந்து சொன்னார். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன். வாய்விட்டு அழுதேன், வெட்கப்படவில்லை. நெஞ்சில் ஏற்றி வைத்திருந்த கல்லை யாரோ இறக்கி வைத்தது போல இருந்தது.

என் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து நின்றார். சட்டைப் பையைத் தொட்டுக் காட்டி, "ராசாக் கடுதாசியக் கிழிச்சிரட்டா?" என்றார். அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது எனக்கு.

கோர்ட்டுக்கும் போகலாம், இப்போது எழுத்தில் இருக்கிறது, கேஸ் நிற்கும் என்று யூனியன்காரர் பிறகு வந்து சொன்னார். நான் வேண்டாம் என்றேன். பயந்து வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்குத் தேவையானது கிடைத்துவிட்டது. விசாரணைக்கு மறுநாள் பெரட்டில் துரை நிற்க, கிராணி எல்லோர் முன்னாலும் தான் சொன்னது தப்பு என்று சொன்னார். மழைநாளில் மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் விழுகிற பால்மாதிரி அவர் மன்னிப்பு ஒரே தண்ணீராகத்தான் இருந்தது. இருந்தாலும் வாங்கிக்கொண்டேன். அடுத்த மாதமே அவரை ஸ்டோர்க் கணக்குக்கு மாற்றிவிட்டு, பெரட்டெடுக்க வேறொருவரை வைத்தார்கள். புதியவர் பெயரைக் கூப்பிடுவார், வந்தாச்சா என்று பார்ப்பார், அடுத்த பெயருக்குப் போவார். எவ்வளவு நிம்மதியான பெரட்டு அது.

பக்கத்து வீட்டுக்காரியின் ரோட்டோர நெரையைக் கிராணி விசாரணைக்கு மறுநாளே பிடுங்கிக்கொண்டார், பழையபடி மேட்டு நெரையைக் கொடுத்தார். புதியவர் வரும்வரை அவள் அதில்தான் ஏறி இறங்கினாள். அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசவில்லை. அவளிடம் போய் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. நன்றி சொல்லலாம் என்று இரண்டு தடவை அவள் வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்துவிட்டேன். மனு எழுதத் தெரிந்த எனக்கு அதற்கு ஒரு வாக்கியம் அகப்படவில்லை.

விசாரணை நடந்த வாரக் கடைசியில் ஒரு மத்தியானம், குழாயில் தண்ணீர் வந்த நேரம். நான் வயிற்றைத் தூக்கிக்கொண்டு மெதுவாக நடந்து வருவதற்குள் வரிசை நீண்டுவிட்டது. என் வாளியைக் கடைசியில் வைத்தேன். முன்னால் நின்ற பக்கத்து வீட்டுக்காரி திரும்பிப் பார்த்தாள். ஒன்றும் பேசாமல் வந்து, என் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் வாளிக்கு முன்னால் வைத்தாள். வைத்த வேகத்தில் குழாய்த் தண்ணீர் தெறித்து அவள் சேலை நனைந்தது. உடனே என் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படியாக, அந்த வார்த்தையைச் சொல்லி என்னைத் திட்டினாள்.

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சிரித்து முடித்து, அவளை அக்கா என்று கூப்பிட்டு, அதையே திருப்பிச் சொன்னேன்.